முன்னால் ‘டக்’ என்ற சத்தம்: இரண்டு டிரைவ்ஷாஃப்டையும் மாற்றத்தான் வேண்டுமா?

டர்பன் ரிசர்வாயர் ஹில்ஸ் அக்கா கேட்டது:

எங்கள் வீட்டு வண்டி ஏழு பேர் உட்காரும் டீசல் எஸ்யூவி. ஆட்டோமேட்டிக். வழக்கமாகப் பின்சக்கரத்தில் ஓடும், வேண்டும்போது நான்கு சக்கரத்தையும் இழுக்க வைக்கிற ஃபோர்-ஹை போட்டுக்கொள்ளலாம். 1,68,000 கிலோமீட்டர் ஆகிவிட்டது. ஈஸ்டர் லீவில் பிள்ளைகளோடு அண்டர்பர்க் போய், அங்கிருந்து சானி கணவாய் ஏறி லெசோத்தோ எல்லை வரை போய்த் திரும்பினோம். வழியில் வண்டி ஒரு குறையும் வைக்கவில்லை.

வந்து இரண்டு வாரம் கழித்து இரண்டு சத்தம். எங்கள் வீட்டு வாசல் பாதை செங்குத்தான கான்கிரீட். மழை பெய்தால் ஃபோர்-ஹை போட்டுத்தான் ஏறுவேன். மேலே போய் கராஜுக்குள் விட ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கும்போது முன்னால் ‘டக்’ என்கிறது, கொஞ்சம் நகர்ந்தால் மறுபடி ‘டக்’. இன்னொன்று, முன்னே போகிற டி-யிலிருந்து பின்னே போகிற ஆர்-க்கு மாற்றினால் என் சீட்டுக்கு அடியில் ‘டொக்’ என்று ஒரே ஒரு அடி.

ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டு, “முன் டிரைவ்ஷாஃப்ட் இரண்டும் போச்சு, 19,400 ராண்ட்” என்று எழுதிக் கொடுத்தார்கள். முன்சக்கரங்களுக்கு இழுவை கொண்டுபோகிற தண்டுகளாம் அவை. வண்டியைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த மாதம் தங்கை வளைகாப்புக்கு ஜோஹன்னஸ்பர்க் போகணும். பின்னால் மாமியாரும் மூன்று பிள்ளைகளும் இருப்பார்கள். பயந்துகொண்டே ஓட்ட மனசில்லை, தேவையில்லாமல் அவ்வளவு பணம் கொடுக்கவும் முடியாது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மாரிட்ஸ்பர்க் தம்பி:

அக்கா, அவசரப்பட்டு மலிவான புது ஷாஃப்ட் வாங்கி மாட்டிவிடாதீர்கள். என் வண்டி முன்சக்கரம் இழுக்கிற வகை. போன வருடம் அப்படித்தான் மாட்டினேன். டக் டக் நின்றது, ஆனால் 80-ல் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் வண்டி முழுக்க நடுங்க ஆரம்பித்தது. டயர் எல்லாம் பேலன்ஸ் செய்தும் போகவில்லை. என் பழைய ஷாஃப்டையே ரீகண்டிஷன் செய்து மாட்டிய பிறகுதான் சரியானது. எது செய்தாலும் கழற்றிய பழசைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள், கேட்டு வாங்கி வையுங்கள்.

பழைய ஸ்பானர், சாட்ஸ்வொர்த்:

தங்கச்சி, இன்னும் பணம் கட்ட வேண்டாம்.

நான் ஜேக்கப்ஸ் பக்கம் முப்பத்தொரு வருடம் டிஃப் (இடது, வலது சக்கரத்துக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கிற கியர் பெட்டி), ஷாஃப்ட் வேலைதான் பார்த்தேன். நீங்கள் எழுதியதில் முதலில் என் கண்ணில் பட்டது அந்த கான்கிரீட். உங்கள் மாதிரி வண்டியில் ஃபோர்-ஹை போட்டதும் முன் டிஃபுக்கும் பின் டிஃபுக்கும் இழுவை கொண்டுபோகிற நீளத் தண்டுகள், அதாவது முன் ப்ராப்ஷாஃப்டும் பின் ப்ராப்ஷாஃப்டும், ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். திரும்பும்போது முன்சக்கரம் பெரிய வட்டம் போடும், பின்சக்கரம் சின்ன வட்டம். மண்ணிலும் புல்லிலும் டயர் கொஞ்சம் சறுக்கி அந்த வித்தியாசத்தை விட்டுக்கொடுத்துவிடும். கான்கிரீட் விடாது, நனைந்திருந்தாலும்கூட அதற்குப் பிடிப்பு உண்டு. முறுக்கு ஷாஃப்டிலும் ஜாயிண்டிலும் ஏறிக்கொண்டே போகும், டயர் ‘டக்’ என்று துள்ளினால்தான் இறங்கும். நீங்கள் கேட்பது இதுவாகவே இருக்கலாம். இதை வைத்து ஷாஃப்ட் போச்சு என்று யாரும் சொல்லக்கூடாது.

அதற்காக ஷாஃப்ட் நன்றாக இருக்கிறது என்றும் ஆகிவிடாது. டூ-ஹையில், அதாவது பின்சக்கரம் மட்டும் இழுக்கும்போது, உங்கள் முன் ஷாஃப்டுக்கு இஞ்சின் இழுவை போகாது, சக்கரத்தோடு சும்மா சுற்றும். ஷாஃப்டின் இரண்டு முனையிலும் மடங்கிக் கொடுக்கிற மூட்டு, சி.வி. ஜாயிண்ட், தேய்ந்திருந்தால்கூட அப்போது சத்தமில்லாமல் இருக்கும். அதனால் ஒரு புல் மைதானத்துக்குப் போங்கள். ஃபோர்-ஹை, ஸ்டியரிங் முழுக்க இடது, ஜன்னல் எல்லாம் திறந்து, லேசாக மிதித்து மெதுவாகச் சுற்றுங்கள். அப்புறம் வலது. ஒருவர் சற்றுத் தள்ளி வெளியே நின்று காது கொடுக்கட்டும். சக்கரம் சுற்றுகிற தாளத்தோடு டக் டக் டக் என்று வந்து, வேகம் கூடினால் சத்தமும் நெருங்கினால், சக்கரத்துப் பக்கம் இருக்கிற வெளி ஜாயிண்ட் தேய்ந்திருக்கிறது.

அடுத்தது ஜாயிண்டை மூடியிருக்கிற ரப்பர் உறை, பூட். எனக்கு இதுதான் முக்கியம். அந்த வெளி ஜாயிண்ட் கிண்ணத்துக்குள் பொதுவாக ஆறு எஃகுக் குண்டுகள், ஆறு பள்ளத்தில் ஓடும். சக்கரம் 40 டிகிரிக்கு மேல் ஒடிந்தாலும் சுற்றில் ஏற்ற இறக்கம் இல்லாமல் பார்த்துக்கொள்வது அந்தக் குண்டுகள்தான். ஆல்ஃப்ரெட் ர்ஸெப்பா என்ற பொறியாளர் 1920களில் யோசித்த அமைப்பு, இன்றைக்கும் உங்கள் வண்டியில் அதே வடிவம்தான். நல்ல கிரீஸும் சுத்தமும் இருந்தால் பல லட்சம் கிலோமீட்டர் போகும். நான் கழற்றிய கெட்ட ஜாயிண்ட்களில் முக்கால்வாசி, பூட் கிழிந்து கிரீஸ் வெளியேறி மணல் உள்ளே போனவை. சானி மாதிரிப் பாதையில் ஒரு கூர்மையான கல் போதும்.

ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து நிறுத்தி, சக்கரத்துக்குப் பின்னால் டார்ச் அடியுங்கள். பூட்டின் மடிப்புகளை விரலால் விரித்துப் பாருங்கள், கிழிசல் மடிப்பின் பள்ளத்தில்தான் ஒளிந்திருக்கும். ரிம்மின் உள்பக்கம் கறுப்பாக கிரீஸ் தெறித்திருக்கிறதா பாருங்கள். கொஞ்சம் எடுத்து இரண்டு விரலுக்கு நடுவில் தேயுங்கள். வழவழவென்று இருந்தால் பூட் மட்டும் மாற்றினால் போதும். நறநறவென்றால் ஜாயிண்டைத் திறந்து பார்க்கத்தான் வேண்டும். இரண்டு பக்கமும், உள் பூட்டையும் சேர்த்துப் பாருங்கள்.

அந்த ‘டொக்’ வேறு விஷயம். அது அடியில் போகிற நீள ப்ராப்ஷாஃப்ட். நூறில் போகும்போது 17 இன்ச் ரிம் போட்ட இந்த மாதிரி வண்டியின் சக்கரம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 680 சுற்றுதான் சுற்றும். டிஃப் விகிதம் 3.9 என்றால் ப்ராப்ஷாஃப்ட் 2,600-க்கு மேல் சுற்றும். அதைத் தாங்குவது இரண்டு முனையிலும் இருக்கிற கிராஸ் என்ற சிலுவை வடிவ மூட்டு, அதற்குள் ஊசி ஊசியான பேரிங். கிரீஸ் காய்ந்தால் முதலில் மெதுவாகப் போகும்போது ‘கீச் கீச்’ என்னும், அப்புறம் ‘டொக்’ என்னும். ஒரு குடும்பம் அந்தக் கீச் சத்தத்தோடு மூன்று மாதம் ஓட்டியிருக்கிறது. வான் ரீனன் கணவாயில் முன்பக்க கிராஸ் உடைந்து, ஷாஃப்ட் ரோட்டில் இடித்து, கியர்பாக்ஸின் பின்பக்கத்தையே உடைத்துவிட்டது. வண்டியை இழுத்து வந்தது நான். பின்சீட்டில் இரண்டு குழந்தைகள் இருந்தார்கள். யாருக்கும் காயமில்லை, ஆனால் அந்த நாளை நான் மறக்கவில்லை.

சமதரையில், சக்கரத்துக்குக் கட்டை வைத்து, இஞ்சினை நிறுத்தி, கிராஸுக்கு முன்னும் பின்னும் பிடித்து எதிரெதிராகத் திருகச் சொல்லுங்கள். கிராஸில் ஆட்டமே இருக்கக்கூடாது. டிஃபில் கொஞ்சம் ஆட்டம் இருப்பது இயல்பு. வெறும் ஜாக்கை நம்பி யாரும் வண்டிக்கு அடியில் போக வேண்டாம்.

ரிசர்வாயர் ஹில்ஸ் அக்கா:

அண்ணா, சனிக்கிழமை செய்து பார்த்தோம். புல்லில் இரண்டு பக்கமும் சத்தமே இல்லை. வீட்டுக் கான்கிரீட்டில் டூ-ஹையில் திருப்பினேன், அங்கேயும் அமைதி. ஆனால் வலது பக்க வெளி பூட்டில், நீங்கள் சொன்னபடி மடிப்புக்குள்ளே, ஒரு விரல் நீளம் கிழிந்திருந்தது! கிரீஸ் வழவழப்பாகத்தான் இருந்தது.

வேறு இடத்தில் காட்டி, ஷாஃப்டைக் கழற்றி, பூட், கிளாம்ப், புது கிரீஸ் எல்லாம் போட்டு 2,850 ராண்ட் ஆனது. ப்ராப்ஷாஃப்டில் கிரீஸ் அடிக்கிற இரண்டு நிப்பிள் சேறு மூடிக் கிடந்தன. எத்தனை வருடமாக யாரும் தொடவில்லையோ தெரியாது. கிரீஸ் அடித்ததும் ‘டொக்’ முக்கால்வாசி போய்விட்டது. மிச்சம் இருப்பது சரியா? எத்தனை நாளுக்கு ஒரு முறை அடிக்கணும்?

பழைய ஸ்பானர், சாட்ஸ்வொர்த்:

ரொம்ப சந்தோஷம். சரியான நேரத்தில் பார்த்துவிட்டீர்கள்.

கிரீஸ் அடித்தபோது பழசு எந்த நிறத்தில் வந்தது என்று அவர்களிடம் கேளுங்கள். கறுப்பாக வந்திருந்தால் நிம்மதி. செம்பழுப்பாக, துருத்தூளோடு வந்திருந்தால் அந்த கிராஸின் ஊசிகள் போய்விட்டன, ஜோஹன்னஸ்பர்க் போவதற்கு முன்னால் மாற்றிவிடுங்கள். அப்படி மாற்றும்போது ஷாஃப்டிலும் அது மாட்டுகிற ஃபிளாஞ்சிலும் பெயிண்டால் ஒரு கோடு போட்டு, இருந்தபடியே திருப்பி மாட்டச் சொல்லணும். மாறிவிட்டால் புதிதாக ஒரு அதிர்வு வரலாம்.

10,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை கிரீஸ் அடித்தால் போதும். ஆற்றிலோ வெள்ளத்திலோ இறங்கினால் அந்த வாரமே. கிராஸுக்கு நான்கு சீலிலும் புது கிரீஸ் எட்டிப் பார்க்கிற வரை. நடுவில் நீண்டு சுருங்குகிற ஸ்லிப் பகுதிக்கு இரண்டு மூன்று அழுத்து மட்டும். அங்கே நிரப்பித் திணித்தால் ஷாஃப்ட் சுருங்க இடமிருக்காது.

ஷாஃப்டைக் கழற்றியிருப்பதால் இன்னும் இரண்டு விஷயம். முன் டிஃப் எண்ணெய் அளவு பார்த்தார்களா, ஆக்ஸில் நட்டை இறுக்கத்தை அளக்கிற டார்க் ரெஞ்ச் வைத்து முறுக்கி, அது கழலாமல் தடுக்கிற புது ஸ்பிலிட் பின் போட்டார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். என்3 நெடுஞ்சாலையில் ஹாரிஸ்மித்தில் நிறுத்தும்போது அந்த வலது பூட்டை ஒரு முறை டார்ச் அடித்துப் பாருங்கள். கிளாம்ப் ஓரத்தில் ஈரம் தெரிந்தால் எனக்கு எழுதுங்கள், அன்று நான் இங்கேதான் இருப்பேன்.