இருப்பை நிறுவிய பின் பொதுச் சமநிலைக் கோட்பாட்டுக்கு என்ன ஆயிற்று?

கேள்வி:
எல்லாச் சந்தைகளிலும் ஒரே நேரத்தில் தேவையும் அளிப்பும் ஒத்துப்போகும் நிலையே பொதுச் சமநிலை. அதற்காக எல்லாச் சந்தைகளையும் ஒருசேரச் சமன்பாடுகளாக எழுதும் வேலையைப் பொருளியலாளர் வால்ராஸ் 1874-இலேயே தொடங்கிவிட்டார். அப்படியிருக்க, அத்தகைய சமநிலை இருக்கிறது என்று 1954-இல் பொருளியலாளர்கள் ஆரோவும் டெப்ரூவும் நிறுவினார்களே, அவர்கள் நிறுவ என்ன எஞ்சியிருந்தது? நிறுவிய ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் அக்கோட்பாட்டின் மீதான ஆர்வம் ஏன் தணிந்தது?

முதல் மறுமொழி:
சமன்பாடுகளின் எண்ணிக்கையும் அறியாக் கணியங்களின் எண்ணிக்கையும் ஒத்திருப்பதைக் கொண்டே தீர்வு உண்டென்று வால்ராஸ் கருதினார். அது போதாது. ஓர் எண்ணின் வர்க்கத்தோடு ஒன்றைக் கூட்டினால் பூச்சியம் வரவேண்டும் என்றால், சமன்பாடும் ஒன்று, அறியாக் கணியமும் ஒன்று. ஆயினும் மெய்யெண்களில் தீர்வே கிடையாது. 1930-களில் வியன்னாவில் ஆபிரகாம் வால்ட் முதன்முதலாகக் கறாரான நிறுவலைத் தந்தார். ஆனால் அவர் வைத்த நிபந்தனைகள் மிகக் குறுகியவை. 1941-இல் வெளிவந்த ககுதானியின் நிலைப்புள்ளித் தேற்றம் (சில நிபந்தனைகளில், ஓர் உருமாற்றத்தில் இடம்மாறாத புள்ளி ஒன்றாவது உண்டு என்னும் கணிதத் தேற்றம்) கைக்கு வந்த பிறகே ஆரோ–டெப்ரூ இணையரும், தனியாக மெக்கென்சியும், 1954-இல் பொதுவான நிறுவலை வெளியிட்டார்கள். சமநிலை இருக்க எவையெல்லாம் போதும் என்பதை வரிவரியாக எழுதிக் காட்டியதே அந்த நிறுவலின் பெரும்பேறு என்பேன்: விருப்பங்கள் குவிவுத்தன்மை உடையவையாக (அதாவது, ஒரே பொருளைக் குவிப்பதைவிடக் கலவையை விரும்புவனவாக) இருக்கவேண்டும், எதிர்காலப் பொருள்களுக்கும் இன்றே சந்தை இருக்கவேண்டும் என்பன போல. சந்தை தவறுகிறது என்பவர், எந்த நிபந்தனை முறிகிறது என்று அதன்பின் சுட்டிச் சொல்ல முடிந்தது.

இரண்டாம் மறுமொழி:
இரண்டாவது வினாவுக்கு விடை வேறிடத்தில் இருக்கிறது. சமநிலை இருக்கிறது என்பது ஒன்று. விலைகள் அங்கே போய்ச் சேரும் என்பது மற்றொன்று. தேவை மிகுந்தால் விலை ஏறும், அளிப்பு மிகுந்தால் இறங்கும் என்னும் வால்ராஸின் தடவிச் செல்லும் முறையைப் பின்பற்றியே, மூன்று பொருள்களும் மூன்று நுகர்வோரும் கொண்ட பொருளாதாரத்தில் விலைகள் சமநிலையை எட்டாமல் சுற்றிச் சுற்றி வரக்கூடும் என்று 1960-இல் ஸ்கார்ஃப் காட்டினார். அதைவிடப் பலத்த அடி 1972 முதல் 1974 வரை விழுந்தது. ஒவ்வொருவரும் பகுத்தறிவோடு நடந்தாலும், மொத்த மிகைத் தேவைச் சார்பின் (எல்லோரையும் கூட்டிப் பார்க்கையில், ஒவ்வொரு விலையிலும் தேவை அளிப்பை எவ்வளவு மிஞ்சுகிறது என்பதன்) வடிவத்தைப் பற்றி ஏறத்தாழ எதுவும் சொல்ல முடியாது என்று சோனன்ஷைன், மான்டெல், டெப்ரூ ஆகியோர் நிறுவினர். ஆம், அதே டெப்ரூதான். சமநிலை ஒன்றே ஒன்றுதான் என்றோ நிலைத்து நிற்கும் என்றோ பொதுவாகச் சொல்லும் வாய்ப்பு அத்தோடு போயிற்று. இளம் ஆய்வாளர்கள் விளையாட்டுக் கோட்பாட்டின் பக்கமும் தகவல் பொருளியலின் பக்கமும் திரும்பினார்கள்.

கேட்டவர்:
அப்படியானால் இன்று இதற்குப் பயனில்லை என்று கொள்ளலாமா?

முதல் மறுமொழியாளர்:
கொள்ள வேண்டாம். சமநிலை விலைகளைக் கணக்கிடும் வழியை ஸ்கார்ஃபே 1967-இல் தந்தார். வரி, வணிகக் கொள்கைகளின் விளைவை மதிப்பிடும் கணிப்பு மாதிரிகள் அந்த வழியில் வளர்ந்தன. பேரியல் பொருளியலின் பல இயங்கு மாதிரிகளும் 'பொதுச் சமநிலை' என்னும் பெயரைத் தாங்குகின்றன. ஆனால் அவற்றுட் பல, நாடு முழுவதையும் ஒரே குடும்பமாகக் கொண்டு, பலரின் தேவைகளைக் கூட்டும்போது எழுவதாக மேலே சொன்ன சிக்கலை எதிர்கொள்ளாமலே கடந்துவிடுகின்றன. அவற்றை வால்ராஸின் வாரிசுகள் என்று அழைக்க எனக்குத் தயக்கமே.