டிவியில் 0.25%, என் நோட்டில் 6.8%. எது சரி?

நோட்டுக்காரி (ஸ்ரீரங்கம்), நவம்பர் 2025

அக்டோபர் மாத விலைவாசி உயர்வு வெறும் 0.25%தானாம். நியூஸில் காதில் விழுந்ததும் கரண்டியும் கையுமா ஹாலுக்கு ஓடி சவுண்டைக் கூட்டினேன். அதேதான் சொல்றாங்க.

கல்யாணமான நாளிலிருந்து செலவு நோட்டு எழுதுறவ நான். போன அக்டோபரையும் இந்த அக்டோபரையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தேன். வாடகை 9,000 இருந்தது 10,000. பையனோட ஸ்கூல் வேன் 1,500லிருந்து 1,800. மாமனாரோட சுகர், பிரஷர் மாத்திரை 1,650லிருந்து 1,900. காய்கறி 2,600, இப்ப 2,150. மளிகை 5,200, இப்ப 5,450. அதிலும் ஒரு வயித்தெரிச்சல்: செக்குத் தேங்காய் எண்ணெய் லிட்டர் 280 இருந்தது 480. ரெண்டு லிட்டர் வாங்கின இடத்துல இப்ப ஒண்ணுதான். அதுவும் தலைக்கு மட்டும்னு மாமியார் ஆர்டர்.

ஆக 19,950 இருந்தது 21,300. கிட்டத்தட்ட 6.8% ஏறியிருக்கு. நான் எங்கே தப்புப் பண்றேன்?

---

டீக்கடை பெஞ்ச்

அக்கா, அந்த 0.25% விலைக்கு எந்தக் கடையில சாமான் தர்றாங்கன்னு தெரிஞ்சா எனக்கும் அட்ரஸ் சொல்லுங்க. ஏசி ரூம்ல உட்கார்ந்து எழுதுற கணக்கு அது.

---

பழைய சர்வேக்காரன்

ஏசி ரூம்ல இல்ல தம்பி. ரிட்டயர் ஆகிற வரைக்கும் வெயில்ல அலைஞ்சு விலை கேட்டவன் நான். அதே கடை, அதே பிராண்டு, அதே எடை. நாடு முழுக்க 1,114 நகர மார்க்கெட், 1,181 கிராமம். வியாபார நேரத்துல போனா கடைக்காரர் எரிஞ்சு விழுவார். கூட்டம் கலைஞ்ச மத்தியானமாப் பார்த்துத்தான் போவோம்.

மேடம், உங்க கூட்டல் சரிதான். ஆனா ஏறின 1,350ல வாடகை மட்டுமே 1,000. உங்க நோட்டுல வாடகை 45%. அரசுக் கணக்குல வீட்டுக்கு 10.07%தான், கிராமத்துக்கு வீட்டு வாடகையே சேர்க்கிறதில்லை. நகரத்தை மட்டும் எடுத்தாலும் 21.67%. அந்த விகிதங்கள் 2011-12 செலவு சர்வேயிலிருந்து வந்தவை. டேப் ரெக்கார்டர் எல்லாம் இன்னும் அந்தப் பட்டியல்ல உட்கார்ந்திருக்கு! 2024ஐ அடிப்படையா வெச்ச புதுப் பட்டியல் 2026 பிப்ரவரியிலதான் வருது.

இன்னொண்ணு. போன அக்டோபர்ல காய்கறி 42% ஏறிக் கிடந்தது. அந்த உச்சியோட ஒப்பிட்டுத்தான் இப்ப 27% இறங்கினதாச் சொல்றாங்க. பழைய விலைக்கே வந்துட்டதுன்னு அர்த்தமில்ல. சோப்பு, பேஸ்ட்டுக்கு செப்டம்பர் 22லிருந்து ஜிஎஸ்டி குறைஞ்சதும் சேர்ந்துக்கிச்சு.

---

முசிறிப் பக்கத்து ஆள்

எங்க வீட்டுல நிஜமாவே செலவு குறைஞ்சிருக்கு. சொந்த வீடு, ரேஷன் அரிசி, பொண்ணு கவர்மென்ட் ஸ்கூலுக்கு இலவச பஸ் பாஸ்ல போறா. தக்காளி, வெங்காயம் இறங்கினா எங்களுக்கு உடனே கையில தெரியும். ஆனா வெங்காயம் போட்ட என் அண்ணன்கிட்ட இந்த 0.25%ஐச் சந்தோஷமாச் சொல்லிடாதீங்க.

---

நோட்டுக்காரி

சர்வே சார், நன்றி. காய்கறியில 450 ரூபா மிச்சமானது நான் எழுதின நோட்டுலயே இருக்கு, ஆனா ஒரு நாளும் மனசுல பதியலை. தேங்காய் எண்ணெய் மட்டும் தூக்கத்துலயும் வருது. ஆனா ஒரு சந்தேகம் பாக்கி. ரெண்டு லிட்டரை ஒண்ணாக் குறைச்சதால என் மளிகை 250தான் ஏறினதாக் காட்டுது. பழையபடி வாங்கியிருந்தா 730 ஏறியிருக்கும். அப்ப என் 6.8%மே கம்மிதானே?

---

பழைய சர்வேக்காரன்

கம்மிதான். நாங்க அளவை மாத்தாம விலையை மட்டும் பார்ப்போம். நீங்க எழுதுறது செலவு. பழைய அளவையே வெச்சுப் போட்டா 9.2% வரும். மாமியார்கிட்ட காட்ட வேண்டாம்.

---

நோட்டுக்காரி

காட்டிட்டேன் சார். அரை லிட்டர் போதும்ங்கறாங்க.