பிள்ளையாருக்குத் துதிக்கை போச்சு

*குழு: தெற்குமாசி வீதி சொந்தங்கள்*

அக்கா (சென்னை): வெள்ளிக்கிழமை என்று சாமி அலமாரியைத் துடைத்தேன். மண் பிள்ளையார் கை தவறி விழுந்து துதிக்கை உடைந்துவிட்டது. என்ன செய்வது அத்தை? மனசே சரியில்லை.

அத்தை (வில்லாபுரம்): ஆத்தாடி! பின்னமான சிலையை வீட்டில் வைக்கக் கூடாதும்மா. தண்ணீரில் விட்டுவிடு.

தம்பி: பெவிகுவிக் போட்டு ஒட்டுக்கா. முன்னூறு ரூபாய் பொம்மைக்கு ஏன் இவ்வளவு பதற்றம் 😄

அத்தை: டேய், பொம்மையா?

பெரியப்பா (திருநகர்): அவனைத் திட்டாதே. கடையில் இருக்கும்போது பொம்மைதான். மஞ்சள் பிள்ளையார் பிடிப்பதைப் பார்த்திருக்கிறாய் அல்லவா தம்பி? சாம்பாரில் போடுகிற அதே மஞ்சள்தான். உருட்டி, அருகம்புல் செருகி, ஆவாகனம் செய்து, அதாவது மந்திரம் சொல்லி உள்ளே அழைத்தால் அது பிள்ளையார். பூஜை முடிந்து வடக்கே லேசாக நகர்த்தினால் அவரை வழியனுப்பியாச்சு. மறுநாள் அதே மஞ்சளை உன் பெரியம்மா தாலியில் பூசிக்கொள்கிறாள். யாரும் தெய்வக் குற்றம் என்று சொல்வதில்லை. கோயிலிலும் இதே முறைதான். கும்பாபிஷேகத்துக்கு முன் பாலாலயம் செய்து, சாமியைக் கும்பத்துக்கு மாற்றிவிட்டுத்தான் திருப்பணியில் கை வைப்பார்கள். 2025 ஜூலையில் நம் பரங்குன்றத்துக் கும்பாபிஷேகத்துக்கு முன்னாலும் அப்படித்தானே!

தம்பி: அழைத்தால் வருகிறவர், அனுப்பினால் போகிறவர். அப்போது சிலையே எதற்கு? நேராகக் கும்பிடலாமே.

பெரியப்பா: கும்பிடு, யார் வேண்டாம் என்றது. எனக்குக் கண்ணை மூடினால் கரண்ட் பில்தான் தெரிகிறது.

சித்தி: 😂😂

நான்: மீனாட்சி கோயில் முக்குறுணி விநாயகரும் மண்ணுக்குள் கிடந்தவர்தானே பெரியப்பா? தெப்பக்குளம் தோண்டும்போது கிடைத்தார் என்பார்கள்.

பெரியப்பா: ஆமாம், திருமலை நாயக்கர் காலத்தில். கொண்டுவந்து நிறுத்திய பிறகுதான் சதுர்த்திக்கு 18 படி அரிசியில் கொழுக்கட்டை!

அத்தை: எல்லாச் சாமிக்கும் ஒரே கணக்குப் போடாதீங்க அண்ணே. பரங்குன்றத்து முருகன் மலையிலேயே குடைந்த உருவம், அதனால் அபிஷேகம் வேலுக்குத்தான். அழகருக்கு அழகர்மலையில் ஊறும் நூபுர கங்கைத் தண்ணீர்தான் வேண்டும். வைகை ஆற்றுக்கு வரும்போதும் மலையிலிருந்து கூடவே கொண்டுவருகிறார்கள். கல்லோ தங்கமோ, குளிக்கிற தண்ணீர் வரைக்கும் பார்த்துச் செய்கிறோம். ஒரு ஆளை வைத்துக்கொள்வது மாதிரிதான்.

எனக்கு அத்தை சொன்னதுதான் பிடித்தது. பெரியப்பா சொன்னது விதி. அத்தை சொன்னது பழக்கம். கும்பிடுகிறவர்களுக்கு இது போதும்.

தம்பி: சரி, இதற்குப் பதில் சொல்லுங்கள். மஞ்சள் உருண்டைக்கு மூக்கே கிடையாது. அதில் வருகிறவர் மூக்கு உடைந்தால் வரமாட்டாரா?

*(பத்து நிமிடம் யாரும் எதுவும் போடவில்லை.)*

பெரியப்பா: வருவார்டா. உன் அக்காவுக்குத்தான் பார்க்கும்போதெல்லாம் உடைந்த இடத்தில் கண் போகும்.

அக்கா: நிஜம்தான் பெரியப்பா. காலையிலிருந்து அதையேதான் பார்க்கிறேன்.

அத்தை: வாளித் தண்ணீரில் வை. கரைந்ததும் செம்பருத்திக்கு ஊற்று. கால் படுகிற இடத்தில் ஊற்றாதே.

அக்கா: பெயிண்ட் அடித்தது அத்தை, சுட்ட மண் வேறு. கரையாது போல.

அத்தை: அப்போது துணியில் சுற்றி வை. சித்திரைக்கு வரும்போது கொண்டு வா, இங்கே பார்த்துக்கொள்வோம். ஞாயிற்றுக்கிழமை விளாச்சேரிப் பக்கம் போகிறேன், பச்சை மண்ணில் புதிதாக ஒன்று வாங்கி வைக்கிறேன். கலர் வேண்டாம்தானே?

அக்கா: வேண்டாம். அரை அடி போதும், இடம்புரி, துதிக்கை இடப்பக்கம் திரும்பியது.

தம்பி: துதிக்கையை வயிற்றோடு ஒட்டிச் செய்யச் சொல்லுங்க அத்தை.