புதுப்பிப்பு: லேவியராகமத்தைத் தாண்டிவிட்டேன்

கடவுள் நம்பிக்கை இல்லாத நான் பைபிளை முழுசாகப் படிக்க ஆசைப்படுவதையும், நேரம் கிடைக்காமல் அதன் மூன்றாம் புத்தகமான லேவியராகமத்திலேயே நிற்பதையும் போன மாதம் எழுதியிருந்தேன். ‘ராத்திரி வேண்டாம், பயணத்தில் படியுங்கள்’ என்று பலர் சொன்னீர்கள். அதுதான் கை கொடுத்தது.

தினமும் பாளையங்கோட்டையிலிருந்து நாசரேத்துக்குத் திருச்செந்தூர் ரயிலில்தான் வேலைக்குப் போகிறேன். காலையில் இரண்டு அதிகாரம், திரும்பும்போது ஒன்று. மொத்தம் 66 புத்தகங்கள், 1,189 அதிகாரங்கள். நாளுக்கு மூன்று என்றால் 400 நாட்களுக்குள் முடிந்துவிடும். வீட்டில் உட்கார்ந்து படிக்கலாம் என்றிருந்தவரை ஒரு வாரத்துக்கு ஒரு அதிகாரம்கூட நகரவில்லை.

லேவியராகமத்தின் பலி முறைகளை வேகமாகத்தான் கடந்தேன், ஒளிக்கவில்லை. ஆனால் அடுத்த புத்தகமான எண்ணாகமத்தின் 27-ஆம் அதிகாரத்தில் நின்றுவிட்டேன். செலொப்பியாத் என்பவரின் ஐந்து மகள்கள் இஸ்ரவேலரின் தலைவர் மோசே முன்னால் வந்து, ஆண்பிள்ளை இல்லாததால் எங்கள் தகப்பன் பெயர் அற்றுப்போக வேண்டுமா, எங்களுக்கும் காணி கொடுங்கள் என்று கேட்கிறார்கள். கிடைக்கிறது. 36-ஆம் அதிகாரத்தில் சொந்தக் கோத்திரத்துக்குள்தான் கல்யாணம் செய்ய வேண்டும் என்று கட்டுப்பாடும் வருகிறது. அது எனக்கு வலித்தது.

நான் படிப்பது ஆச்சியின் பைபிள். அந்த ஐந்து பெயர்களுக்கும் கீழே ஆச்சி பென்சிலால் கோடு போட்டிருக்கிறாள், திர்சாளுக்கு மட்டும் இரண்டு தடவை. ஆச்சிக்கும் அண்ணன் தம்பி கிடையாது.

நம்பிக்கை வரவில்லை. படிப்பதை விடவும் மாட்டேன். நாளை உபாகமம் தொடங்குகிறேன்.