ஸ்காபரோவா, மார்க்கமா? ஊரில் இருந்து போகிற பிள்ளைகளுக்கு

கிளிநொச்சிப் பக்கத்தில் இருந்து கனடா போகிற பிள்ளைகள், குடியிருக்க ஸ்காபரோ நல்லதா மார்க்கம் நல்லதா என்று வட்ஸ்அப்பில் அடிக்கடி கேட்கிறார்கள். பதினொரு வருசம் அங்கே இருந்துவிட்டு வந்து இப்போது பரந்தனில் வயல் செய்கிறேன். பட்டதைச் சொல்கிறேன்.

இரண்டுக்கும் எல்லை ஸ்டீல்ஸ் அவெனியூ. தெற்கே ஸ்காபரோ, 1998 முதல் ரொறன்ரோ மாநகரின் ஒரு பகுதி. வடக்கே மார்க்கம், தனி நகரம். கோயிலுக்கும் தமிழ்க் கடைக்கும் இரண்டு பக்கத்திலும் குறைவில்லை. மார்க்கத்தில் வன்னி அவெனியூ என்று ஒரு தெருவே இருக்கிறது. பெயரைப் பார்த்து மயங்கிவிட வேண்டாம்.

நான் முதலில் வாடகைக்கு எடுத்தது மார்க்கத்தில் ஒரு பேஸ்மென்ட், வீட்டின் நிலக்கீழ்த் தளம். வேலை ஸ்காபரோவில், காலை ஆறு மணிக்கு. பஸ் தரிப்புக்குப் பதினெட்டு நிமிட நடை. மாசிப் பனியில் சப்பாத்து நனைந்து, கால்விரல் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் போய்ச் சேர்ந்தால், பஸ் கண்முன்னே போகிறது. அடுத்தது அரை மணி கழித்து. அன்று பாதிச் சம்பளம் போனது. ஊரில் காணி பார்க்கும்போது இரணைமடு வாய்க்கால் தண்ணி ஏறுமா என்றுதானே முதலில் கேட்போம்? கார் வாங்கும்வரை அங்கே தண்ணிக்குப் பதில் பஸ். ஞாயிறு மத்தியானம் போய் வீடு பார்க்காதீர்கள். வேலைக்குப் புறப்படுகிற நேரத்தில் அந்த வாசலில் இருந்து தரிப்பு வரை நடந்து பாருங்கள்.

அப்போது ஸ்டீல்ஸைத் தாண்டினால் இரண்டு கட்டணம். 2024 பெப்ரவரியில் இருந்து பிரெஸ்டோ என்கிற பயண அட்டையில் இரண்டு மணி நேரத்துக்குள் மாறினால் ஒன்றுதான். ஸ்காபரோவிலும் எல்லாம் சுகம் என்றில்லை. 2023 ஆடியில் ரயில் தடம் புரண்ட பாதையை அதோடு மூடிவிட்டார்கள், இப்போது அந்த வழிக்கும் பஸ்தான். இருந்தாலும் புதிதாகப் போகிறவருக்கு நான் ஸ்காபரோ என்றுதான் சொல்வேன்.

வாடகை முன்பணம் முதல் மாதமும் கடைசி மாதமும் மட்டும். அதற்கு மேல் கேட்க ஒன்ராறியோச் சட்டத்தில் இடமில்லை. "எங்கட ஊர்ப் பெடியன்தானே" என்று சிரித்துக்கொண்டே ஒருவர் என்னிடம் மூன்று மாதம் வாங்கினார். அது தனிக் கதை.

வீடு வாங்குவது பி.ஆர், அதாவது நிரந்தர வதிவிட உரிமை, கிடைத்த பிறகு யோசிக்கிற காரியம். அப்போது கணக்கு மாறும். எட்டு லட்சம் டொலர் வீட்டுக்கு மாகாணத்துக்குக் கட்டுகிற காணி மாற்ற வரி 12,475 டொலர். மார்க்கத்தில் அதோடு சரி. ஸ்காபரோவில் மாநகரத்துக்கும் இன்னொரு 12,475. முதல் வீடு என்றால் மாகாணம் 4,000, மாநகரம் 4,475 வரை கழித்துவிடும், மிச்சம் உங்கள் கையில் இருந்துதான். கார் காப்புறுதியும் தபால் குறியீட்டைப் பார்த்து ஏறி இறங்கும். இரண்டு விலாசத்தையும் கொடுத்து விலை கேளுங்கள்.

வேலை இடத்தையும் பார்த்த வீட்டுக்குப் பக்கத்துச் சந்தியையும் எழுதி அனுப்பினால் தெரிந்ததைச் சொல்வேன். இங்கே அரிவி வெட்டு நடக்கிறது, பதில் இரவில்தான் வரும்.