துருக்கியில் கம்பளம் வாங்கப் போகிறீர்களா? முதலில் திருப்பிப் போடச் சொல்லுங்கள்

துருக்கியில் நீங்கள் கம்பளக் கடையைத் தேடிப் போகாவிட்டாலும் டூர் பஸ் கொண்டுபோய் விட்டுவிடும். கப்படோக்கியாவில் ஊருக்கு வெளியே ஒரு பெரிய ஷோரூமில் எங்களை இறக்கினார்கள். அங்கே தறியில் ஒரு அம்மா நெய்து காட்டியது உண்மையிலேயே பார்க்க வேண்டிய வேலை. தறியில் நெடுக்காக ஓடும் பாவு நூல் இரண்டைச் சேர்த்துக் கம்பளி நூலைச் சுற்றி, நடுவில் இழுத்து, சின்னக் கத்தியால் நறுக்குகிறார், அதுதான் ஒரு முடிச்சு. ஒரு வரிசை முடிந்ததும் குறுக்கே ஊடை நூல் விட்டுக் கனமான சீப்பால் அடித்து இறுக்குகிறார். இத்தனைக்கும் விரல்நுனி அளவுதான் வளர்ந்திருந்தது.

அப்புறம் ஆப்பிள் டீ வந்தது, பையன்கள் ஒவ்வொரு கம்பளமாக வீசி விரித்தார்கள். சின்னதாக ஒன்றைக் காட்டி, ஹெரெகே பட்டு, 4,000 டாலர், உங்களுக்கு மட்டும் 2,200 என்றார் விற்பனையாளர். ஹெரெகே என்பது இஸ்தான்புல்லுக்குக் கிழக்கே உள்ள ஊர், 1840களிலிருந்து சுல்தானின் அரண்மனைக்காக நெசவாலை நடந்த இடம். நல்ல ஹெரெகே பட்டில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 100 முடிச்சு, அதாவது பத்துக்குப் பத்து இருக்க வேண்டும். திருப்பிப் போட்டு ஸ்கேல் வைத்து எண்ணினேன், ஒரு சென்டிமீட்டருக்கு ஆறுதான் வந்தது. என் மனைவிக்கு ஆரணிப் பக்கம். குஞ்சத்தில் ஓர் இழை பிய்த்துக் கொளுத்திப் பார்க்கலாமா என்று கேட்டாள். அசல் பட்டு என்றால் முடி கருகும் வாடை வரும், சாம்பல் விரலில் பொடியும், செயற்கைப் பட்டு காகிதம் மாதிரி எரியும். அவர் பதில் சொல்லாமல் அடுத்ததை விரிக்கச் சொன்னார், நாங்கள் எழுந்துவிட்டோம். டீ குடித்துவிட்டோமே என்று சங்கடப்படவே வேண்டாம்.

வாங்கியது இஸ்தான்புல்லில், கிராண்ட் பஜாரை ஒட்டிய ஒரு சந்தில் (ஞாயிற்றுக்கிழமை பஜார் மூடியிருக்கும், கவனம்). அங்கே கடைக்காரப் பெரியவர் நாங்கள் கேட்காமலே கம்பளத்தைக் கவிழ்த்துப் போட்டுத்தான் பேச்சையே ஆரம்பித்தார். பின்பக்கமும் பூ வேலை முன்பக்கம் போலவே தெளிவாக இருந்தது, முடிச்சுகள் கொஞ்சம் ஏறி இறங்கி இருந்தன, குஞ்சம் தனியாக வைத்துத் தைத்ததல்ல, பாவு நூலே நீண்டு வந்தது, எல்லாம் கையால் நெய்ததற்கு அடையாளம். ஈர வெள்ளைத் துணியால் தேய்த்தோம், சாயம் ஒட்டவில்லை. சிவப்பு மஞ்சிட்டி இனத்து வேரிலிருந்து, நீலம் அவுரியிலிருந்து என்றார். சனக்கலே பக்கம் அய்வஜிக் கிராமங்களில் 1981ல் ஒரு திட்டம் தொடங்கி, கைவிட்டுப்போன இந்த இயற்கைச் சாயங்களை நெசவாளப் பெண்களிடம் திரும்பக் கொண்டுவந்தார்கள். அதற்காகவே எனக்கு அந்த வகை மேல் ஆசை. நாங்கள் வாங்கியதில் ஒரு மூலையில் சிவப்பு திடீரென்று ஒரு படி வெளுத்திருக்கும், அந்த வரிசையிலிருந்து வேறு தடவை சாயம் தோய்த்த நூல். அதைக் குறை என்று சொல்லிக் கழித்துவிடாதீர்கள், எனக்கு அந்த மூலைதான் ரொம்பப் பிடிக்கும்.

மூன்றடிக்கு ஐந்தடி, கம்பளி. 950 டாலர் சொன்னார், பேசிப் பேசி 600க்கு முடிந்தது. பட்டு வேண்டும் என்று பிடிவாதம் இல்லாதவர்களுக்கு நான் கம்பளியைத்தான் சொல்வேன், நடக்க உட்காரத் தாங்கும். அனுப்பி வைக்கிறோம் என்றார்கள், வேண்டாம் என்று சொல்லிச் சின்ன மூட்டையாகக் கட்டி வாங்கிக் கையோடு கொண்டுவந்தோம். பார்த்த கம்பளமும் வீடு வந்து சேர்ந்த கம்பளமும் ஒன்றுதானா என்ற கவலை இல்லை. வரி திரும்பப் பெறும் படிவத்தைக் கடையிலேயே கேட்டு வாங்குங்கள், விமான நிலையத்தில் பெட்டியை உள்ளே அனுப்புவதற்கு முன்பே சுங்க கவுண்டரில் கம்பளத்தைக் காட்டி முத்திரை வாங்கிவிட வேண்டும்.