கரண்ட் வந்ததும் போன 16 பில்கள்

2024 நவம்பர் 30, சனிக்கிழமை. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்த இரவு. எங்கள் அலுவலக யூபிஎஸ் 9 மணி வரை கத்திவிட்டு அடங்கிப்போனது. சர்வரும் படுத்துவிட்டது. மறுபடி கரண்ட் வந்தது திங்கள் காலை 11 மணிக்கு.

எங்களுடையது மளிகை மொத்த விற்பனை. கடலூர், நெல்லிக்குப்பம், பண்ருட்டி கடைக்காரர்கள் போனிலேயே ஆர்டர் போடுவார்கள். மணிக்கொரு முறை அனுப்பாத ஆர்டர்களை எடுத்து, ஸ்டாக் கழித்து, பில் போட்டு, சரக்கு வண்டியோடு போக வேண்டிய இ-வே பில்லை அரசு போர்ட்டலில் எடுத்து, கடைக்கு மெசேஜ் அனுப்ப வேண்டும். முன்பு இதை கிரான் என்ற டைமர் மென்பொருளில் ஓட்டினோம். கிரானுக்கு மணி மட்டும்தான் தெரியும். முந்தைய வேலை முடிந்ததா, பாதியில் நின்றதா என்று அது பார்க்காது. அதனால்தான் ஏர்ஃப்ளோவுக்கு மாறினோம். 2014இல் ஏர்பிஎன்பி நிறுவனத்தில் தொடங்கி, பிறகு அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளைக்குப் போன மென்பொருள் அது. எந்த வேலைக்குப் பின் எது என்று பைத்தானில் எழுதிவிட்டால், ஸ்டாக் கழியாமல் பில் போடாது.

சர்வர் எழுந்ததும் திரையில் பச்சைக் கட்டங்கள் வரிசையாக நிறைந்தன. நிம்மதியாக டீ குடிக்கப் போனேன். பாதி டீயில் பண்ருட்டியிலிருந்து போன்.

"தம்பி, ஒரு லோடுக்கு எத்தனை பில்லுப்பா போடுவீங்க?"

16 போட்டிருந்தது. விட்டுப்போன மணிநேரங்களை எழுந்ததும் ஓட்டித் தீர்ப்பது ஏர்ஃப்ளோவில் அப்போது இயல்பான அமைப்பு. 'கேட்சப்' என்பார்கள். 3ஆம் பதிப்பில்தான் அதை மாற்றினார்கள். 38 மணி நேரம் பாக்கி இருந்தது. ஒரே சமயத்தில் 16 ஓட்டம் வரை அனுமதி. அந்த 16ம் ஒன்றாகக் கிளம்பி, அதே ஆர்டர்களை எடுத்துக்கொண்டன. 'அனுப்பியாச்சு' என்று குறிக்கும் வரியை நான் கடைசி வேலையில் வைத்திருந்தேன். முதல் 16 முடித்துக் குறித்த பிறகு வந்த 22க்கு எடுக்க ஒன்றும் இல்லை. துவரம்பருப்பு ஸ்டாக் மைனஸில் நின்றது.

இ-வே பில்தான் பெரிய தலைவலி. புதுச்சேரியிலிருந்து கடலூர் 20 சொச்சம் கிலோமீட்டர்தான், ஆனாலும் மாநிலம் விட்டு மாநிலம். 50,000 ரூபாய்க்கு மேல் சரக்கு போனால் இ-வே பில் வேண்டும். தவறாக எடுத்ததை 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்தாக வேண்டும். ஒவ்வொரு ஓட்டமும் புது பில் நம்பர் போட்டதால் போர்ட்டலும் தடுக்கவில்லை. பண்ருட்டி லோடுக்கு மட்டும் 15. உட்கார்ந்து ஒவ்வொன்றாக ரத்து செய்தோம்.

கேட்சப்பை அன்றே அணைத்தேன். ஆனால் அது பாதி மருந்துதான். நெட் நடுவில் அறுந்தாலும் ஒரு வேலை இரண்டாம் முறை ஓடும். டெம்போரல் போல முடிந்த படிகளை நினைவில் வைத்திருக்கும் மென்பொருளிலும் இதற்கு விலக்கில்லை. எத்தனை முறை ஓடினாலும் ஒரே விளைவுதான் வர வேண்டும். இப்போது ஆர்டர் நம்பரும் படியின் பெயரும் சேர்ந்து ஒரு டேபிளில் முதலில் பதிவாகும். அதே ஜோடி மறுபடி வந்தால் டேட்டாபேஸே மறுத்துவிடும். பில் நம்பரும் ஆர்டர் நம்பரிலிருந்தே பிறக்கும். ஏர்ஃப்ளோ, டெம்போரல் என்று எதைத் தேர்ந்தெடுத்தாலும் முதலில் இதைச் செய்யுங்கள். நான் கடைசியில் செய்தேன்.

போன மழைக்கு மறுபடி கரண்ட் போய் வந்தது. வந்ததும் திரையைத்தான் பார்த்தேன். இரண்டாம் ஓட்டத்தின் கட்டங்கள் இளஞ்சிவப்பில் இருந்தன, தாண்டிவிட்டது என்று அர்த்தம். பண்ருட்டிக்குப் போன் போட்டுக் கேட்டேன். ஒரே பில்தான் வந்திருந்தது.